டின்னில் எழுதிய சூடும் பேரிங்கின் சூடும்

இரவு இரண்டரை மணிக்கு எனக்கு போன் வந்தால் பெரும்பாலும் அது ஸ்டெண்டராகத்தான் இருக்கும். பெருந்துறைப் பக்கம் ஒரு பனியன் துணி பிராசஸிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். அதற்கு முன்னால் கோவையில் ஒரு ஃபவுண்டரியில் பதினோரு வருடம். ஸ்டெண்டரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: சாயம் போட்டுத் துவைத்த துணியின் இரண்டு ஓரங்களையும் சங்கிலியில் இருக்கும் ஊசிகள் பிடித்துக்கொள்ளும். துணியை அகலமாக இழுத்து, வரிசையாக நிற்கும் சூடான அறைகளுக்குள் அந்தச் சங்கிலி கொண்டுபோகும். வெறும் காட்டனை உலர்த்த 140, 150 டிகிரி போதும். லைக்ரா கலந்த துணியை செட் பண்ண 190 வரை போகும். ஒவ்வொரு சேம்பரிலும் அந்தக் காற்றைச் சுழற்றித் துணி மேல் அடிக்க புளோயர் இருக்கும். அதன் இறக்கைச் சக்கரம் உள்ளே, மோட்டார் வெளியே. சுவரைத் துளைத்து வரும் ஷாஃப்ட்டைத் தாங்க, சுவரை ஒட்டி ஒரு பேரிங். நான் எழுத வந்தது அந்த பேரிங்குக்குப் போடும் கிரீஸைப் பற்றி.

எங்கள் மூன்றாம் சேம்பரின் இடது புளோயர் நாலு மாதத்தில் மூன்று பேரிங்கை முடித்தது. மூன்றாவது முறை நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர்தான் கூப்பிட்டார். "ஏனுங்ணா, மறுபடியும் அதே புளோயர் கத்துதுங்க. வாசமும் வருதுங்க." நான் போய்ச் சேர்வதற்குள் ஷாஃப்ட் பிடித்துக்கொண்டது. பெல்ட் வழுக்கி எரிந்த நெடி ஷெட் முழுக்க. மெஷினை நிறுத்தினால் சேம்பருக்குள் நிற்கிற துணி பழுத்துவிடும், நிறுத்தாவிட்டால் அந்த அறையில் சூடு சமமாக இருக்காது, அகலமும் ஷேடும் மாறும். இரண்டில் ஒன்று போகத்தான் போகிறது. அன்றைக்குத் துணி போனது.

விடிந்ததும் புல்லர் போட்டு இழுத்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்துப் பார்த்தேன். அந்தக் காட்சியை மறக்க முடியவில்லை. பேரிங் உட்கார்ந்திருக்கும் கூடான ஹவுசிங்கின் மூடியைக் கழற்றியதும் கிரீஸ் பிதுங்கி வழிந்தது, புதுசாக, பளபளப்பாக. மூடிக்குள் துளி இடம் இல்லை. ஆனால் பேரிங்கின் உள்ளே, குண்டுகளுக்கும் அவற்றை இடைவிட்டுப் பிடிக்கும் கேஜுக்கும் நடுவில், அடிப்பிடித்த வெல்லப்பாகு போலக் கறுப்பாக ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. விரலில் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. குண்டுகளில் வைக்கோல் நிறமும் நீலமும் பாய்ந்திருந்தன. வெளியே அத்தனை கிரீஸ் இருந்தும் உள்ளே அது எண்ணெய் இல்லாமல் செத்திருந்தது.

முதலாளி வந்து பார்த்தார். அவர் பார்வைக்குப் பட்டது கருகிய பேரிங் மட்டும்தான். "கிரீஸ் வெக்கறதே இல்லையா?" என்று மெஷின்களுக்கு கிரீஸ் போடும் ஆயிலர் தம்பியைத்தான் கேட்டார். ஒடிசாவிலிருந்து வந்த பையன், தமிழ் இப்போதுதான் பழகுகிறான். "டெய்லி போடுறேன்ணா" என்று மட்டும் சொன்னான். அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. கிரீஸைத் தேர்ந்தெடுத்தது நான், எவ்வளவு போடவேண்டும் என்று சொல்லாமல் விட்டதும் நான். அந்தப் பையன் சொன்னது உண்மை என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது, ஹவுசிங் மூடி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

முதல் பேரிங் போனபோது உள்ளே இருந்தது எல்லா இடத்துக்கும் வாங்கும் சாதா லித்தியம் இ.பி.2 கிரீஸ் (இ.பி. என்றால் அதிக அழுத்தம் தாங்கும் மருந்து சேர்த்தது). சூடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கடையில் விசாரித்தபோது ஒரு டின்னை எடுத்து வைத்தார்கள். 'டிராப்பிங் பாயிண்ட் 300 டிகிரிக்கு மேல்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் சேம்பரே 190 டிகிரிதான், 300 தாங்கும் கிரீஸ் இருந்தால் வேறென்ன வேண்டும் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒரு நம்பரைப் பார்த்து கிரீஸ் வாங்குகிறவர்கள் கொங்கு நாட்டு மில்களிலும் ஃபவுண்டரிகளிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை விலாவாரியாக எழுதுகிறேன்.

மூன்றாவது பேரிங்குக்கு அப்புறம், ஃபவுண்டரியில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஃபிட்டர் அண்ணனுக்கு போன் போட்டேன். ரிட்டயர் ஆகி கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கண்ணு, கிரீஸுங்கறது எண்ணெய் வெக்கற பொட்டி. பொட்டி உருகலைன்னா உள்ள இருக்கற எண்ணெய் எரியாதுன்னு யாரு சொன்னா? நீ பொட்டிய வெல கேட்டு வாங்கிட்டு வந்திருக்க" என்றார்.

இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கிரீஸில் பெரும் பங்கு எண்ணெய்தான், பத்தில் எட்டு ஒன்பது பங்கு. மீதி அந்த எண்ணெயைக் கசியவிடாமல் பிடித்து வைக்கும் சோப்போ வேறு கெட்டிப் பொருளோ, கொஞ்சம் மருந்துகளும். பேரிங்கில் குண்டுக்கும் தடத்துக்கும் நடுவே படலமாக நின்று உலோகத்தை உலோகம் தொடாமல் காப்பதில் முக்கிய வேலை எண்ணெயுடையது. டிராப்பிங் பாயிண்ட் என்பது லேப் சோதனை. அடியில் ஓட்டை போட்ட சின்னக் கிண்ணத்தில் கிரீஸை அப்பிச் சூடேற்றுவார்கள். எந்தச் சூட்டில் முதல் சொட்டு விழுகிறதோ அதுதான் அந்த நம்பர். கிரீஸ் எந்தச் சூட்டில் தன் உருவத்தை இழக்கும் என்று அது சொல்லும். எந்தச் சூட்டில் மாதக்கணக்கில் ஓடும் என்று சொல்லாது. சாதா லித்தியம் கிரீஸின் சொட்டு 180, 190 வாக்கில் விழும், ஆனால் அதை 120 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. லித்தியம் காம்ப்ளெக்ஸின் சொட்டு 260-ஐத் தொடும், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் சாதாரண மினரல் எண்ணெயில் செய்ததென்றால் அது ஓடும் எல்லை 150 அளவில்தான்.

நான் வாங்கி வந்த 300 டிகிரி சமாச்சாரம் களிமண் கிரீஸ். சோப்புக்குப் பதிலாக பென்டோனைட் என்னும் களிமண் வகையில் எண்ணெயைப் பிடித்து வைப்பது. மண் உருகாது, அதனால் டிராப்பிங் பாயிண்ட் எக்கச்சக்கமாக வரும். ஆனால் அந்த மண்ணுக்குள் இருந்தது சாதாரண மினரல் எண்ணெய். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, ஆக்சிஜனோடு சேர்ந்து கருகி, கடைசியில் மண் மட்டும் மிஞ்சியது. நான் நகத்தால் சுரண்டியது அதைத்தான். மெதுவாகச் சுற்றுகிற இடத்திலும், அடிக்கடி புது கிரீஸ் தள்ளிப் பழசை வெளியேற்றுகிற இடத்திலும் களிமண் கிரீஸ் நன்றாகவே வேலை செய்யும். ஃபவுண்டரியில் மணல் கோர்களைச் சுடும் அடுப்பின் டிராலிச் சக்கரங்களுக்கு அதைத்தான் போட்டோம். நிமிடத்துக்கு 1,450 சுற்று ஓடும் புளோயரின் நிலைமை வேறு.

இதில் இன்னொரு தப்பும் செய்திருந்தேன். பழைய லித்தியம் கிரீஸை முழுதாகக் கழுவாமல் அதன் மேலேயே களிமண் கிரீஸை அடித்துவிட்டேன். களிமண் கிரீஸ் கிட்டத்தட்ட வேறு எதனோடும் ஒத்துப்போகாது. இரண்டும் கலந்தால் கூழ் மாதிரி இளகிவிடும். இரண்டாவது பேரிங் சாகுமுன் ஹவுசிங்குக்குக் கீழே தரையில் எண்ணெய் சொட்டிக் கிடந்ததே, அதற்குக் காரணம் இதுதான். சீல் கசிகிறது என்று நினைத்துக்கொண்டு சீலை மாற்றினேன்.

கிரீஸ் கலப்பது நம் ஊர் மில்களில் சத்தமில்லாமல் நடக்கும் கேடு. கிரீஸ் கன் ஒன்று, அதில் இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் கடையில் கிடைத்த வேறொன்று. புது மோட்டார்கள் பலவற்றில் கம்பெனியிலேயே, சோப்புக்குப் பதில் பாலியூரியா என்னும் கெட்டிப் பொருள் கொண்ட கிரீஸ் போட்டு வரும். நாம் கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளைப் பார்த்ததும் கையிலிருக்கும் லித்தியம் இ.பி.யை அடிக்கிறோம். இரண்டும் ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். எழுத்துப்பூர்வமாக உறுதி கிடைக்காதவரை போகாது என்றுதான் நான் வைத்துக்கொள்கிறேன். நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதும் கூடாது. நீலமும் சிவப்பும் பச்சையும் சாயம், எங்கள் மில்லில் துணிக்குப் போடுவது போல. ஒரே நீல நிறத்தில் மூன்று வகை கிரீஸ் பார்த்திருக்கிறேன். கறுப்பு என்றால் சூட்டுக்கு என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. அந்தக் கறுப்பு மாலிப்டினம் டைசல்பைடு அல்லது கிராஃபைட். மெதுவாக, பாரமாக, அதிர்ந்து ஓடும் இடங்களில் அது உலோகத்தைக் காக்கும். எண்ணெயின் ஆயுளை அது கூட்டாது.

எண்ணெய் என்றதும் என் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) ஞாபகம் வருகிறது. காங்கேயம் பக்கத்தில் அவருக்கு இரட்டைமாட்டு வண்டி இருந்தது. மாதம் ஒரு தடவை கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, இருசில் வண்டி மை போடுவார். வைக்கோலைக் கரியாக எரித்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்துச் செய்த மை. வண்டிக்கு அடியில் தொங்கும் மூங்கில் குழாயில் எப்போதும் இருக்கும். கரி எண்ணெயைப் பிடித்து வைத்தது, எண்ணெய் இரும்பைக் காத்தது. சித்திரை வெயிலில் கரியைக் கூட்டிக் கெட்டியாகக் குழைப்பார், மார்கழிக் குளிரில் எண்ணெயைக் கூட்டுவார். இன்று என்.எல்.ஜி.ஐ. நம்பர் என்று டின்னில் போடுவது அந்தக் கெட்டித்தன்மையைத்தான். 25 டிகிரியில் ஒரு கூம்பைக் கிரீஸில் இறக்கினால் 26.5 முதல் 29.5 மி.மீ. வரை இறங்கினால் அது 2-ம் நம்பர். இ.பி.2-இல் இருக்கும் 2 அவ்வளவுதான். சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

விளக்கெண்ணெய் இன்னும் போகவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1942-இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் என்பவர் லித்தியம் சோப்பு கிரீஸுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று உலகில் மிக அதிகமாக ஓடுவது லித்தியம் கிரீஸ் குடும்பம்தான். அந்தச் சோப்பு செய்யும் கொழுப்பு அமிலம் ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருகிறது. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதல்லவா, அந்த ஆமணக்குதான். அப்பிச்சியின் மூங்கில் குழாயில் இருந்ததன் பேரப்பிள்ளை இப்போது என் கிரீஸ் கன்னில் இருக்கிறது.

சரி, மூன்றாம் சேம்பருக்கு வருகிறேன். ஃபிட்டர் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "பேரிங் எவ்வளவு சூடு?" என்பது. சேம்பர் சூட்டைச் சொன்னேன். "அது சேம்பரு கண்ணு. நான் பேரிங்கக் கேட்டேன்" என்றார். நாலு மாதமாக நான் அளக்கவே இல்லை.

இன்ஃப்ராரெட் கன்னை வைத்து ஹவுசிங்கை அளந்தேன், 78 காட்டியது. ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் கை வைக்க முடியவில்லை. சில்வர் பெயின்ட் அடித்த பரப்பில் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பளபளப்பான உலோகம் வெப்பக் கதிரைச் சரியாக வெளியே விடாது. அதனால் ஹவுசிங் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெப்பம் தாங்கும் மேட் கறுப்பு பெயின்ட்டால் வட்டம் போட்டுக் காயவைத்து, அதன் மேல் பிடித்தேன். 105. இப்போது எங்கள் மில்லில் எல்லா பேரிங் ஹவுசிங்கிலும் திருஷ்டிப் பொட்டு மாதிரி அந்தக் கறுப்பு வட்டம் இருக்கிறது. வெளியே 105 என்றால் உள்ளே இன்னும் பத்து டிகிரி கூட இருக்கும் என்று 115 வைத்துக்கொண்டேன். 300 டிகிரி கிரீஸ் தேடி ஓடிய எனக்கு உண்மையில் தேவைப்பட்டது 115 டிகிரியில் நின்று விளையாடும் எண்ணெய்.

அந்த பேரிங்கின் நம்பர் 6310. உள் விட்டம் 50, வெளி விட்டம் 110, அகலம் 27 மி.மீ. இந்த அளவும் 1,450 சுற்றும் இருந்தால் படலம் சரியாக நிற்க, ஓடும் சூட்டில் எண்ணெய் சுமார் 13 சென்டிஸ்டோக் (எண்ணெயின் பிசுபிசுப்பை அளக்கும் அலகு) கெட்டியாக இருக்க வேண்டும் என்று கணக்கு வருகிறது. ஐ.எஸ்.ஓ. 281 தரத்தில் இதற்கான சூத்திரம் உண்டு, பேரிங் கம்பெனிகளின் கேட்டலாக்கில் வரைபடமாகவும் இருக்கும். நாங்கள் முதலில் போட்ட சாதா இ.பி.2-இன் எண்ணெய் 40 டிகிரியில் 150 சென்டிஸ்டோக். கேட்கக் கெட்டியாகத் தோன்றும். 115 டிகிரியில் அது பத்துக்கு இறங்கிவிடும், தண்ணீராகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் லித்தியம் காம்ப்ளெக்ஸ் சோப்பும், 40 டிகிரியில் 220 இருக்கும் சிந்தடிக் எண்ணெயும் கொண்ட கிரீஸை எடுத்தேன். சிந்தடிக் எண்ணெய் சூட்டில் அவ்வளவாக இளகாது, சீக்கிரம் கருகாது, 115-இலும் 13-க்கு மேலேயே நிற்கும். விலை சாதா கிரீஸைப் போலப் பல மடங்கு. ஒரு ராத்திரி பழுத்துப்போன துணியின் விலைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

கெட்டியான எண்ணெய் எல்லா இடத்துக்கும் நல்லது என்று அர்த்தமில்லை. வேகமாக ஓடும் மோட்டாருக்கு 40 டிகிரியில் 460 இருக்கும் எண்ணெய் கொண்ட கிரீஸைப் போட்டால் அதுவே உராய்ந்து சூடேறும். அதே 460 மெதுவாக, பாரமாகச் சுற்றும் டிரையர் உருளைக்கு அருமையாக இருக்கும். நம் பக்கத்துக் கரும்பு ஆலைகளில் தண்ணீரும் சாறும் பாரமும் ஒன்றாகச் சேரும் இடங்களுக்கு கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ் என்னும் கிரீஸ் வகை பொருத்தம். தண்ணீரில் கழுவிக்கொண்டு போகாது, துரு பிடிக்க விடாது, டிராப்பிங் பாயிண்ட்டும் 300-ஐத் தாண்டும். 2021, 2022-இல் பேட்டரிக்காக லித்தியம் விலை தாறுமாறாக ஏறியபோது பலர் இதன் பக்கம் திரும்பினார்கள். பாய்லர் புகையை இழுத்து வெளியே தள்ளும் ஐ.டி. ஃபேனுக்கு எங்கள் மில்லில் பாலியூரியா போட்டிருக்கிறேன், ஒரு வருடமாகப் பேச்சே இல்லை.

நிஜமாகவே 200 டிகிரிச் சூட்டுக்குள் சுற்றும் பேரிங்குகளும் உண்டு. சில ஸ்டெண்டர்களில் சேம்பருக்குள்ளேயே சங்கிலியோடு ஓடும் சின்ன பேரிங்குகள் அப்படிப்பட்டவை. அங்கே சாதாரண எண்ணெய் எதுவும் நிற்காது. ஃபுளோரின் சேர்ந்த பி.எஃப்.பி.இ. எண்ணெயில் பி.டி.எஃப்.இ. தூள் கலந்த வெள்ளை கிரீஸ்தான் போட வேண்டும். கிலோ ஆயிரக்கணக்கில் விலை. முதல்முறை அதைக் கையில் வாங்கியபோது டப்பா இத்தனை சின்னதா என்று பார்த்தேன். அதன் அடர்த்தி சாதா கிரீஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் அரைக் கிலோ என்பது பார்வைக்குக் கால் கிலோதான் இருக்கும். அதை வாங்கினால் மூன்று விஷயம் மனதில் இருக்க வேண்டும். பேரிங்கில் பழைய கிரீஸோ துருப்பிடிக்காமல் கம்பெனி பூசிய எண்ணெயோ துளி கூட இருக்கக் கூடாது, கரைப்பானில் கழுவிக் காயவைத்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் அது உலோகத்தில் ஒட்டவே ஒட்டாது. கிராம் கணக்கில் போடும்போது அடர்த்தியைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. அந்த கிரீஸ் போட்ட பேரிங்கை கேஸ் கட்டிங் நெருப்பு காட்டிக் கழற்றவே கூடாது. சுமார் 300 டிகிரிக்கு மேல் அது சிதைந்து விஷப்புகையாகும். பிடித்துக்கொண்ட பேரிங் என்றால் உடனே கட்டிங் டார்ச்சைக் கையிலெடுக்கும் பழக்கம் நம் வெல்டர்களுக்கு உண்டு. எந்த ஹவுசிங்கில் அந்த கிரீஸ் இருக்கிறதோ அதில் சிவப்பு பெயின்ட்டால் எழுதியே வைத்திருக்கிறேன்.

இனி அளவு. முதலாளி கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருந்தது.

எஸ்.கே.எஃப். கம்பெனியின் கேட்டலாக்கில் எளிமையான கணக்கு ஒன்று உண்டு. வெளி விட்டத்தையும் அகலத்தையும் மி.மீ.-இல் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால், மறுபடி கிரீஸ் போடும்போது எத்தனை கிராம் என்று வரும். 110 பெருக்கல் 27 பெருக்கல் 0.005. பதினைந்து கிராம். ஆயிலர் தம்பியைக் கூட்டிக்கொண்டு எங்கள் சாய லேபுக்குப் போனேன். ஷேடுக்கு சாயம் நிறுக்கும் தராசு அங்கே இருக்கிறது. ஒரு காகிதத்தை வைத்து, கிரீஸ் கன்னைப் பத்து முறை அமுக்கச் சொன்னேன். 12 கிராம். ஒரு அமுக்குக்கு 1.2. "தெனம் எத்தன தடவ அமுக்குவே?" என்று கேட்டேன். "இருபது அண்ணா. சுப்பிரவைசர் அண்ணா நல்லா போடச் சொன்னாரு." தினம் 24 கிராம். வாரத்துக்கு 168 கிராம், பதினைந்து கிராம் போதும் என்கிற இடத்தில்.

பேரிங் கிரீஸுக்குள் மூழ்கினால் குண்டுகள் அதை ஓயாமல் பிசைந்துகொண்டே இருக்கும். பிசையப் பிசையச் சூடு ஏறும், சூடு ஏற எண்ணெய் பிரிந்து ஓடும். வேகமாக ஓடும் இடத்தில் ஹவுசிங்கின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் பாதிதான் கிரீஸ் இருக்க வேண்டும். மீதி காற்றாக இருக்கட்டும், கிரீஸ் ஒதுங்கி நிற்க அந்த இடம் வேண்டும். எங்கள் பையன் சோம்பேறியாக இருந்திருந்தால் அந்த பேரிங் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். சொன்ன வேலையை அவன் ஒழுங்காகச் செய்ததற்குத்தான் அன்று திட்டு வாங்கினான். தராசு முன்னால் நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். முதலாளியிடமும் போய், தப்பு என்னுடையது, பையனுடையது இல்லை என்று கணக்கைக் காட்டிச் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதற்கும் வழி இருக்கிறது. பேரிங் சூடு 70 டிகிரியைத் தாண்டி ஒவ்வொரு 15 டிகிரி ஏறும்போதும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். 70 டிகிரியில் 8,000 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 85-இல் 4,000, 100-இல் 2,000, 115-இல் 1,000. இரவு பகல் ஓடும் மில்லுக்கு 1,000 மணி நேரம் என்பது ஆறு வாரம். நாங்கள் அதைப் பிரித்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆறு அமுக்கு என்று வைத்திருக்கிறோம், மெஷின் ஓடும்போது, கீழே இருக்கும் வடிகால் மரையைத் திறந்துவிட்டு. போட்டபின் ஓரிரண்டு மணி நேரம் சூடு கொஞ்சம் ஏறும், அப்புறம் தானாக இறங்கும். இறங்காவிட்டால் போட்டது அதிகம். கிரீஸின் எல்லையைத் தாண்டிய சூட்டில் இந்தக் கணக்கு செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிரீஸ் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஷாஃப்ட் வழியாகச் சூடு வரும்போது உள் வளையம் வெளி வளையத்தைவிட அதிகமாக விரியும். சாதாரண இடைவெளி பேரிங் அங்கே இறுகிவிடும், உள்ளே இடைவெளி கூடுதலான சி3 அல்லது சி4 வகை போட வேண்டும். ரப்பர் சீல் போட்டு வரும் பேரிங்கில் நைட்ரைல் ரப்பர் என்றால் 100 டிகிரிதான் எல்லை. நைலான் கேஜுக்கு 120. இவற்றைப் பார்க்காமல் விலையுயர்ந்த கிரீஸை உள்ளே அடைப்பது வீண். நாங்கள் பித்தளை கேஜ் வைத்த சி4 மாற்றினோம், சுவருக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஷாஃப்ட்டிலேயே ஒரு அலுமினியத் தட்டைப் பொருத்தினோம், சூட்டை அது காற்றில் கொஞ்சம் உதறிவிடும்.

டின் வாங்கப் போகும்போது இப்போது நான் கேட்பது டேட்டா ஷீட். எண்ணெய் மினரலா சிந்தடிக்கா, 40-இலும் 100-இலும் எவ்வளவு கெட்டி, கெட்டிப் பொருள் என்ன, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். இல்லாத டின் எனக்கு வேண்டாம். ஜெர்மானிய டி.ஐ.என். 51825 முறையில் எழுதிய குறி இருந்தால் இன்னும் வசதி. கேபி2என்-30 (KP2N-30) என்று இருந்தால், கே உருளும் பேரிங்குக்கு, பி அழுத்தம் தாங்கும் மருந்துக்கு, 2 கெட்டித்தன்மைக்கு. அடுத்து வரும் எழுத்துதான் மேல் எல்லைச் சூடு, கே என்றால் 120, என் என்றால் 140, பி என்றால் 160, ஆர் என்றால் 180. கடைசி எண் குளிருக்கான எல்லை, பெருந்துறையில் அது யாருக்கும் தேவைப்படாது. 300 என்ற கொட்டை எழுத்தைவிட இந்த ஒற்றை எழுத்து எனக்குப் பெரிது. வாங்கி வந்த பக்கெட்டில் நடுவில் குழி தோண்டி எடுக்காதீர்கள், அந்தக் குழியில் எண்ணெய் பிரிந்து தேங்கும். எடுத்தபின் மேலே சமமாகத் தடவி மூடி வையுங்கள்.

இப்போது எங்கள் மில்லில் மூன்று கிரீஸ், மூன்று கன், ஒவ்வொரு கன்னுக்கும் ஒவ்வொரு நிற டேப், நிப்பிளிலும் அதே நிறம். ஆயிலர் தம்பி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறான். சேம்பர் பெயரை ஒடியாவில் எழுதி, பக்கத்தில் சூட்டை எழுதுகிறான். தினமும் காலை ஷிஃப்ட்டில் கறுப்புப் பொட்டுகளை வரிசையாக அளந்துகொண்டு போவான். அந்த மூன்றாம் சேம்பர் பேரிங் போட்டுப் பதினாறு மாதம் ஆகிறது. போன பொங்கல் நிறுத்தத்தில் மூடியைத் திறந்து பார்த்தோம். கிரீஸ் தேன் நிறத்திலிருந்து கொஞ்சம் பழுப்பாகியிருந்தது, விரலில் வழுக்கியது, மணத்தில் கருகல் இல்லை. மூடிவிட்டோம்.

இரண்டு வாரத்துக்கு முன் அவன் நோட்டோடு என்னிடம் வந்தான். "அண்ணா, மூணாவது எடது, நேத்து 105. இன்னைக்கு 118. கிரீஸ் போடல, நாள் வரல." நானும் போய்க் காதுக்கு ஸ்குரூ டிரைவர் வைத்துக் கேட்டேன், சத்தத்தில் குறை இல்லை. அவன்தான் ஷாஃப்ட் பக்கம் கையை நீட்டிக் காட்டினான். சுவரில் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் அடைத்திருக்கும் கண்ணாடி நார்க் கயிறு தேய்ந்து, உள்ளேயிருந்து சூட்டுக் காற்று நேராக ஹவுசிங் மேல் அடித்துக்கொண்டிருந்தது. லாட் முடிந்ததும் மெஷினை ஆறவிட்டு, புதுக் கயிறு சுற்றி அடைத்தோம். மறுநாள் காலை நோட்டில் 106 என்று எழுதியிருந்தான்.